கோழிக்கு என்ன ஆயிற்று? மருந்து வாங்கும் முன் டார்ச்சை எடுங்கள்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கோழி சுணங்கினாலும் என் வீட்டுக் கதவுதான் தட்டப்படுகிறது. நான் கால்நடை மருத்துவன் அல்லன். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒட்டு வீடும் சரிவான சிறு கொல்லையுமாக இருக்கிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு கோழிகளை வைத்துக்கொண்டு, அவை செய்யும் எல்லாக் கூத்துக்கும் ஒரு முறையாவது ஏமாந்தவன்; அவ்வளவுதான் தகுதி. 2023இல் பறவைக் காய்ச்சல் தென்னாப்பிரிக்கப் பண்ணைகளைத் தாக்கி, சில கடைகளில் முட்டையை ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து விற்றார்களே, அதன் பிறகு டர்பனில் கொல்லைக்குக் கொல்லை கோழிக்கூடு முளைத்தது. கதவு தட்டுவதும் கூடியது.

கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, என்ன மருந்து போடலாம்?" என் பதிலும் ஒன்றுதான்: "இருட்டிய பிறகு டார்ச்சோடு கூட்டுக்குள் போய்ப் பார்த்தீர்களா?" பகலில் கோழி உங்களிடம் நடிக்கும். நோய் இருந்தால் மறைக்கும். இரவில் கம்பில் உட்கார்ந்திருக்கும்போது அதைத் தூக்கலாம், தடவலாம், மோந்தும் பார்க்கலாம்.

உங்கள் கோழியின் அறிகுறி எதுவோ அதை மட்டும் படித்துவிட்டுக் கொல்லைக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். ஒரே ஒரு விதிவிலக்கு: மூச்சுத் திணறலோடு கோழிகள் அடுத்தடுத்துச் சாகின்றன என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஐந்தாம் அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 1: முட்டை வரவில்லை

### கொக்கரிக்கிறது, ஆனால் கூட்டில் முட்டை இல்லை

இட்டுவிட்டது. உங்களுக்குத்தான் கிடைக்கவில்லை. மூன்று நாட்களுக்கு, காலை பதினொரு மணிவரை கோழிகளை வெளியே விடாதீர்கள். பெரும்பாலான கோழிகள் அதற்குள் இட்டுவிடும். இப்போது முட்டை கிடைக்கிறதென்றால் கோழி வெளியே எங்கோ ரகசிய இடம் பிடித்திருக்கிறது. வாழைக்கன்றுகளின் நடுவே, வேலிச் செடிக்கு அடியில், மூலையில் சாய்த்து வைத்த பழைய தகரத்தின் பின்னால் தேடுங்கள். கிடைத்த குவியலைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதப்பதைத் தூக்கி எறியுங்கள்.

அடைத்து வைத்தும் கிடைக்கவில்லை, முட்டைப் பெட்டியில் மஞ்சள் கரு ஒட்டியிருக்கிறது என்றால் கோழியே குடிக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை முட்டையை எடுங்கள். பெட்டியில் வைக்கோலைத் தாராளமாகப் போட்டு, வாசலில் ஒரு சாக்குத் துணியைத் தொங்கவிட்டு இருட்டாக்குங்கள். உள்ளே ஒரு கோல்ஃப் பந்தை வையுங்கள். கொத்திக் கொத்தி அலகு வலித்தபின் பெரும்பாலானவை விட்டுவிடும்.

மூன்றாவது திருடன் குரங்கு. மரக்கூட்டம் பக்கத்தில் இருக்கிற எல்லா டர்பன் வீடுகளுக்கும் இந்த விருந்தாளி உண்டு. சாதாரணக் கொக்கியை அது உங்களைவிட வேகமாகத் திறக்கும். இழுத்து, திருப்பி, பிறகு தூக்கவேண்டிய தாழ்ப்பாள் போடுங்கள், அல்லது மலையேறுவோர் பயன்படுத்தும் வளையக் கொக்கியை மாட்டுங்கள்.

### கொக்கரிப்பும் இல்லை, முட்டையும் இல்லை

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். கோழி முழு வேகத்தில் முட்டையிட நாளுக்கு 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும். டர்பனில் டிசம்பரில் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம். ஜூனில் 10 மணி நேரம்தான். மே முதல் ஜூலைவரை முட்டை குறைவது நோயல்ல. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது முட்டைக் கூடை காலியாக இருக்கும். புரட்டாசி விரதத்தில் வீட்டில் ஒருவரும் முட்டையைத் தொடாத நேரமாகப் பார்த்து, இங்கே வசந்தம் வந்து கூடை நிரம்பி வழியும். இந்தக் கணக்கைத் தெற்குக் கோளத்தில் குடியேறிய தமிழனால் மாற்ற முடியாது. நான் விளக்கு வைத்தும் பார்த்துவிட்டேன். வைப்பதாக இருந்தால் விடியற்காலையில் எரியும்படி வையுங்கள். மாலையில் வைத்தால், மின்வெட்டில் பட்டென்று இருட்டாகிக் கோழிகள் கம்பேற முடியாமல் தரையில் தடுமாறும்.

மாதம் சரியாக இருந்தால் இறகைப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் கூடெங்கும் இறகு கிடந்தால் அது உடை மாற்றிக்கொள்கிறது. இரண்டு மூன்று மாதம் முட்டைக்கு விடுப்பு. பெட்டியில் படுத்தபடி கையைக் கொத்தி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறது என்றால் அடைக்கோழி. கருவான முட்டை வைத்தால் 21 நாளில் குஞ்சு. வேண்டாமென்றால் தரையில் கம்பி போட்ட கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். வயிற்றுக்குக் கீழே காற்றுப் பட்டால் அடை கலையும்.

அடுத்தது தீனி. எங்கள் வரிசைக் கடைசி வீட்டுப் பெரியம்மாவின் ஆறு கோழிகள் நடு அக்டோபரில் முட்டையை நிறுத்தின. போய்ப் பார்த்தேன். தட்டில் சோறு, மீலி என்கிற மக்காச்சோள மாவுக் கஞ்சி, நேற்றைய பிரியாணியின் உருளைக்கிழங்கு. "நான் சாப்பிடுவதைத்தான் அதுகளும் சாப்பிடுகின்றன, தம்பி" என்றார். அதுதான் சிக்கல். முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 விழுக்காடு அளவில் இருக்கும். சோற்றால் வயிற்றை நிரப்பினால் அந்தத் தீவனத்துக்கு இடமில்லை. ஒரு கோழிக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம் தீவனம். மிச்சச் சோறெல்லாம் மாலையில் ஒரு கைப்பிடி, அதுவும் உப்பு இல்லாமல். பெரியம்மா இதைக் கேட்டு முகம் சுளித்தார். மூன்று வாரம் கழித்து ஒரு கிண்ணத்தில் நான்கு முட்டையோடு வந்து, என்னை ஒன்றும் சொல்லாமல், கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

தீனியைப் பற்றிப் பேசும்போதே ஒன்று: இங்கே பாதிக் கொல்லைகளில் அவகாடோ மரம் இருக்கிறது. அதன் தோல், கொட்டை, இலை எதையும் கோழிக்குப் போடாதீர்கள். அது கோழியின் இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

கடைசியாக வயது. சிறு சரக்கு வண்டியில் மலிவாக விற்கும் பழுப்புக் கோழிகள் பெரும்பாலும் பண்ணையில் முட்டைக் காலம் முடிந்து கழித்தவை. குழம்புக்கு அவற்றை மிஞ்ச ஆளில்லை. முட்டைக்காக வாங்கினால் விற்றவரைத் திட்டவேண்டாம். வாங்கும்போதே சோதியுங்கள். இது என் ஆயா கற்றுக்கொடுத்தது. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து அறுபதுகளில் எல்லோரையும் இங்கே அனுப்பியபோது, பாத்திரக் கூடைக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டைகளையும் கட்டிக் கொண்டுவந்தவர் அவர். கோழியை இடக்கையில் அணைத்து, வலக்கை விரல்களை அதன் பின்துவாரத்துக்கு இருபுறமும் கூர்மையாகத் தட்டுப்படும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே வையுங்கள். இரண்டு, மூன்று விரல் தாராளமாக நுழைகிறது, துவாரம் அகலமாக ஈரமாக இருக்கிறது, கொண்டை சிவந்திருக்கிறது என்றால் இப்போது இடுகிற கோழி. ஒரு விரலே இறுக்கம், துவாரம் சுருங்கி வறண்டிருக்கிறது என்றால் இட ஆரம்பிக்கவில்லை, அல்லது நிறுத்திவிட்டது. விடைக்கோழி என்றால் 18 முதல் 22 வாரம்வரை பொறுங்கள்.

மருத்துவரை அழைக்கும் இடம்: வயிறு தண்ணீர்ப் பை போல வீங்கி, கோழி நிமிர்ந்து தத்தித் தத்தி நடந்தால்.

## அறிகுறி 2: தோல்முட்டை, மெல்லிய ஓடு

விடைக்கோழியின் முதல் சில முட்டைகள் என்றால் விட்டுவிடுங்கள். ஜனவரி வெயிலில் என்றாலும் முதலில் நிழலும் தண்ணீரும் பாருங்கள். மூச்சிரைக்கிற கோழிக்கு ஓடு கெட்டிப்படாது. மற்றபடி சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான். கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். கிளிஞ்சல் கிடைக்கவில்லையென்றால் முட்டை ஓட்டை நன்றாக வறுத்துப் பொடித்துக் கொடுங்கள். கோழி அடையாளம் காணமுடியாத அளவு பொடிக்கவேண்டும். அரைகுறையாக உடைத்துப் போட்டு நானே ஒரு முட்டைத் திருடியை உருவாக்கியிருக்கிறேன்.

இரண்டு வாரம் கிளிஞ்சல் வைத்தும் எல்லாக் கோழியும் சொரசொரப்பான, கோணல் முட்டை இட்டு, கூடவே தும்மலும் இருந்தால் அது தொற்று. மருத்துவரிடம் பேசுங்கள்.

## அறிகுறி 3: கோழி சுணங்கி ஓரமாக நிற்கிறது

தூக்கிப் பாருங்கள். மற்றக் கோழியைவிட எடை குறைவாக, நெஞ்செலும்பு கத்திபோலத் தட்டுப்பட்டால் இது இன்று வந்ததல்ல, வாரக்கணக்காக மறைத்திருக்கிறது.

### வாயைத் திறந்து, இறக்கையை விரித்து நிற்கிறது

வெப்பம். தண்ணீர் இருக்கிறது என்று சொல்வீர்கள். கையை விட்டுப் பாருங்கள். ஒரு பிப்ரவரி நடுப்பகலில் என் கோழிகள் நிரம்பிய தொட்டிக்குப் பக்கத்திலேயே இரைத்துக்கொண்டு நின்றன. தொட்டிக்குத் தண்ணீர் வரும் கறுப்பு ரப்பர் குழாய் காலையிலிருந்து வெயிலில் கிடந்திருக்கிறது. விரலை விட்டவன் உடனே எடுத்தேன், காபி போடலாம். தொட்டியை நிழலுக்கு மாற்றி, உறையவைத்த தண்ணீர் பாட்டிலை அதில் போடுங்கள். மயங்கும் நிலையில் இருக்கும் கோழியின் கால்களைக் குளிர்ந்த தண்ணீரில் நனையுங்கள், தலைக்கு ஊற்றவேண்டாம்.

### விடியலில் கழுத்தடிப் பை இன்னும் நிரம்பியிருக்கிறது

இரவில் தீனிப்பை காலியாகியிருக்கவேண்டும். காலையில் தீவனம் வைக்கும்முன் தொட்டுப் பாருங்கள். கல்போல இருந்தால் நீண்ட புல்லோ வைக்கோலோ அடைத்திருக்கிறது. தனியே அடைத்துத் தண்ணீர் மட்டும் கொடுத்து, மெல்லத் தடவிவிடுங்கள். தண்ணீர் பலூன்போலத் தளும்பி, வாயில் புளித்த வாடை வந்தால் மருத்துவரிடம் போங்கள். தலைகீழாகப் பிடித்துக் கக்கவைக்கும் கைவைத்தியத்தைச் செய்யாதீர்கள். தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்க் கோழி கையிலேயே போய்விடும்.

### வாலை ஆட்டி முக்குகிறது

முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்புவரை இருபது நிமிடம் உட்காரவைத்து, பின் துடைத்து, இருட்டான அமைதியான பெட்டியில் விடுங்கள். அன்றைக்குள் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள். உள்ளேயே முட்டையை உடைக்க முயலவே கூடாது.

### குஞ்சுகள் குறுகி நிற்கின்றன, எச்சத்தில் இரத்தம்

இரத்தக்கழிச்சல். மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சுகளைப் பிடிக்கும். ஈரத் தரைதான் அதன் வீடு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பகுதியில் பல கொல்லைகளில் இதைப் பார்த்தேன். இங்கே காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடமோ கால்நடை மருந்துக் கடையிலோ எடைக்கு ஏற்ற மருந்தளவு கேட்டுத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். ஈரமான படுக்கையை முழுக்க வாரி எறிந்துவிட்டு உலர்ந்த மரத்தூள் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மருந்து வெறும் காசுக் கேடு. பெரிய கோழிகளும் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால் மருந்து உறையில் போட்ட நாள் கணக்குவரை முட்டையைச் சாப்பிடக் கூடாது.

## அறிகுறி 4: சொறிகிறது, இறகு போகிறது, மாலையில் கூடு ஏற மறுக்கிறது

இதில்தான் நான் மிக மோசமாக ஏமாந்தேன். நான்கு கோழிகளின் கொண்டை வெளுத்துக்கொண்டே போனது. ஒரு மாதம் சத்து மருந்து வாங்கிக் கொட்டினேன். பகலில் இறகைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பூச்சிகூட இல்லை. மாலையானால் கோழிகள் கூட்டு வாசலில் நின்று கூச்சலிட்டன, உள்ளே போகவில்லை. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சும் பழைய வெள்ளைத் தலையணை உறையுமாகப் போனேன். கம்பின் அடிப்பக்கத்தை உறையால் ஒரு இழு இழுத்தேன். துணியில் சிவப்புக் கோடு. கோழியின் இரத்தம், செள்ளின் வயிற்றிலிருந்து. கம்பு சுவரில் செருகிய பொந்துக்குள் வெளிச்சம் அடித்தபோது அந்தச் சுவரே நகர்ந்தது.

செள் பகலில் கோழிமேல் இருக்காது. கூட்டின் விரிசலில் ஒளிந்து, இரவில் ஏறி உறிஞ்சிவிட்டு இறங்கிவிடும். கோழியே இல்லாத கூட்டிலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். பகலில் தெரியும் ஒரே தடயம், கம்பு முனையில் உப்பும் மிளகும் தூவியதுபோன்ற சாம்பல் தூள்.

செய்யவேண்டியது: கம்புகளைக் கழற்றுங்கள், கொதிநீர் ஊற்றுங்கள், விரிசலையெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள், வைக்கோலை எரியுங்கள். கோழிக்கென்று லேபிள் போட்ட பொடியை மட்டும் பயன்படுத்துங்கள். நாய்க்குரிய மருந்தைக் கண்ணளவாகப் போடவேண்டாம். ஏழாம் நாள் எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள், அதன்பின் இன்னொரு முறை. முதல் சுற்றில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். இந்த இரண்டாம் சுற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இறகின் அடியில், பின்புறத்தில், வெள்ளைக் கொத்தாக ஈர் ஒட்டியிருந்தால் அது பேன். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு தடித்திருந்தால் கால் சொறி; சோப்புத் தண்ணீரில் கழுவி, வாஸலினைத் தடிமனாகத் தடவி, சில வாரம் தொடருங்கள். முதுகில் மட்டும் மொட்டை, தோல் நன்றாக இருக்கிறது என்றால் குற்றவாளி சேவல். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை வேண்டும். உங்களிடம் மூன்றுதான் இருந்தால் சேவலை என்ன செய்வதென்று நான் சொல்லவேண்டியதில்லை.

மருத்துவரை அழைக்கும் இடம்: மூன்று சுற்று முடிந்தும் கொண்டை வெளுப்பு மாறாவிட்டால்.

## அறிகுறி 5: தும்மல், கரகரப்பு, திடீர்ச் சாவு

### தும்மல் மட்டும், தீனி எடுக்கிறது

கூட்டுக்குள் குந்தி, உங்கள் மூக்கைக் கோழித் தலை உயரத்துக்குக் கொண்டுபோங்கள். கண் எரிகிறதா? எச்சத்தின் காற்றைத்தான் அது இரவெல்லாம் சுவாசிக்கிறது. படுக்கையை மாற்றி, கூரையை ஒட்டி வலை வைத்த திறப்பு விடுங்கள். நம் ஊர்க் குளிருக்குக் கூட்டைப் பெட்டிபோல மூடத் தேவையே இல்லை.

### கொண்டையில் கறுத்த பொருக்கு

கோடை முடிவில் கொசு பரப்பும் அம்மை. பொருக்கைப் பிய்க்காமல் விட்டால் மூன்று நான்கு வாரத்தில் தானே விழும். ஆயா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார். நானும் பூசுகிறேன், அம்மனுக்கு அஞ்சிப் பாதி, பழக்கத்துக்குப் பாதி. வாய்க்குள் மஞ்சள் படலம் வந்து விழுங்க முடியாமல் போனால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

### கண்ணில் நுரை, முகம் வீக்கம்

பிரித்து வைத்து மருத்துவரை அழையுங்கள். கடையில் கிடைக்கிற ஆன்டிபயாட்டிக்கை ஊகத்தில் கொடுக்காதீர்கள்.

### பல கோழி ஒன்றாகச் சாய்கிறது, பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கு

இங்கே டார்ச்சுக்கு வேலையில்லை. வெள்ளைக்கழிச்சல் என்று நம்மவர் சொல்லும் நியூகாசில் நோயாக இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டும் தென்னாப்பிரிக்காவின் 1984ஆம் ஆண்டு விலங்கு நோய்ச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை. அரசு கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பது கட்டாயம். தொலைபேசியில் அழையுங்கள், செத்த கோழியைக் காரில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மீதிக் கோழியை விற்காதீர்கள், அறுக்காதீர்கள், உறவினருக்குக் கொடுக்காதீர்கள். கூட்டுக்குப் போட்ட செருப்பைக் கூட்டு வாசலிலேயே விடுங்கள்.

ஒற்றைக் கோழி காரணம் தெரியாமல் செத்தால் கதை வேறு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அல்லர்ட்டன் என்ற மாகாணக் கால்நடை ஆய்வகம் இருக்கிறது. அங்கே பிணப் பரிசோதனைக்கு அனுப்ப நினைத்தால் முதலில் அழைத்துக் கேளுங்கள்; உடலை இரண்டு பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், உறையவைக்காதீர்கள்.

## அறிகுறி 6: இரவில் கோழி குறைகிறது

பல கோழி செத்துக் கிடக்கிறது, எதையும் தின்னவில்லை: நாய். கழுத்தில் கடி: கீரி அல்லது மரநாய் வகை. குஞ்சு மட்டும் குறைகிறது, சுவரோரம் பொந்து: எலி. பூட்டு நெம்பியிருக்கிறது: அதற்கு நான் மருந்து சொல்ல முடியாது.

கடையில் கோழிவலை என்று விற்பது கோழியை உள்ளே வைக்குமே தவிர எதையும் வெளியே நிறுத்தாது. 13 மில்லிமீட்டர் கண் கொண்ட பற்றவைத்த கம்பி வலை போட்டு, 30 சென்டிமீட்டராவது மண்ணில் புதையுங்கள்.

எலியையும் குஞ்சையும் தேடிப் பாம்பு வரும். நம் பக்கத்தில் துப்பும் நல்லபாம்பு சாதாரணம். இரண்டு மூன்று மீட்டர் தூரம் கண்ணைக் குறிபார்த்துத் துப்பும். டார்ச்சோடு போகிற பழக்கத்தில் கண்ணாடி அணிகிற பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாம்பைக் கண்டால் பின்வாங்கி, தூரத்திலிருந்து கண் வைத்தபடியே பாம்பு பிடிப்பவரை அழையுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவி, அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள்.

### தடயமே இல்லை, ஒரு கோழியை மட்டும் காணவில்லை

போன செப்டம்பரில் என் புள்ளிக்கோழி ஒன்று இப்படித்தான் போனது. பொச்செஃப்ஸ்ட்ரூமில் உருவாக்கிய கூக்கூக் இனம். கறுப்பும் வெள்ளையுமாக, தூரத்திலிருந்தே தெரியும். வலையில் ஓட்டை இல்லை, இறகு இல்லை, இரத்தம் இல்லை. கீரி என்று முடிவு கட்டி, ஒரு சனிக்கிழமை முழுக்க வலையை மண்ணுக்குள் இறக்கினேன். மூன்று வாரம் கழித்துத் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு சூலு இனத்து ஆயாவின் வள்ளிக்கொடித் தோட்டத்திலிருந்து வேலிக்கு அடியில் அது குனிந்து வந்தது. பின்னால் ஏழு குஞ்சு. எட்டாவது ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் வழி தெரியாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்த ஆயாவுக்கு இருபது நாளாகத் தெரியுமாம். "சொன்னால் நீ எடுத்துவிடுவாய்" என்றார்.

ஆகவே தடயமில்லாமல் போன பெட்டையை 21 நாள்வரை இறந்த கணக்கில் எழுதாதீர்கள். குஞ்சுகளோடு வந்தால் அன்று மாலையே பழைய கூட்டிலிருந்து தனியாக, தரையோடு ஒட்டிய கூண்டுக்கு மாற்றுங்கள். தண்ணீர் ஆழமில்லாத தட்டில், உள்ளே கூழாங்கல் பரப்பி. முதல் வாரம் நனைந்து சாகிற குஞ்சுதான் அதிகம். குஞ்சுத் தீவனம் தனி. முட்டைக்கோழித் தீவனத்தின் சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்துக்கு ஆகாது. தாயும் அதையே தின்னட்டும், அது எப்படியும் இப்போதைக்கு முட்டையிடப் போவதில்லை.